அந்தப் புல்வெளியில் நீ யாரைப் பார்த்தாய், ஆரோக்கியம்?

கோபம் கோபமாக வந்தாலும் அன்பாகவே கூப்பிடுகிறேன், என் மச்சான் ஆரோக்கியம்,

நீ போய்ச் சேர்ந்து வருடம் திரும்பப்போகிறது. இத்தனை நாளாக உன்னைத் தொந்தரவு செய்யாமல்தான் இருந்தேன். இப்போது கேட்டே ஆகவேண்டிய இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய். உயிரோடு இருந்தபோது வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு இந்தப் பேஜார் வந்திருக்குமா?

செத்தவனுக்குக் கடிதம் எழுதி, அதை நாலு பேர் படிக்கவும் கொடுக்கிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த நாலு பேரில் யாருக்காவது பதில் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஆம்பூர் டேனரியில் உனக்கு எதிரே, ஒரே டேபிளில், வருடக்கணக்காக நின்று தோல் தரம் பிரித்தவன் நான். நம் இரண்டு பேரையும் ஜோடி மாடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்படி இருந்தும் தெரியவில்லை.

உன் கல்யாணத்தன்று ஸ்டெல்லா என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். தோஸ்தாக இருந்த நான் அன்றைக்கு உனக்கு மச்சான் ஆனேன். அந்த உறவுதான் இப்போது என் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஸ்டெல்லா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். உன் வருடப் பூசைக்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்கப்போகிறாள் என நினைத்தேன்.

"அண்ணா, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

"கேளும்மா."

"வீட்ல மாட்டியிருக்குதே புல்லுப் படம், அதுல அவரு யாரைப் பார்த்துக்கினு இருந்தாரு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புல்லைப் பார்த்திருப்பான், வேறு எதைப் பார்ப்பான் என்றேன்.

"வேலை வுட்டு வந்ததும் காப்பி டம்ளரைக் கைல வச்சிக்கினு அதுக்கு எதுர்ல உக்காந்துடுவாரு. கூப்ட்டாலும் காதுல விழாது. ஒருத்தரு இத்தினி வருஷம் புல்லையா பார்ப்பாரு? அதுல செவப்புப் பாவாடை கட்டிக்கினு ஒருத்தி நிக்கறா."

"அது எந்த நாட்டுப் பொம்பளையோம்மா."

"என்னைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஆற்காட்டுல ஒரு பொண்ணு பார்க்கப் போனாராமே, நீங்களும் கூடப் போனீங்களாம். அவ சாயல் அதுல இருக்குதா?"

"அந்தப் படத்துல முகமே தெரியலயேம்மா. அந்தாண்ட திரும்பிக்கினு நிக்கறா."

"அதான் அண்ணா சந்தேகம். முகம் தெரிஞ்சா ஆமான்னோ இல்லன்னோ சொல்லிட்டுப் போயிடலாம்."

வருடப் பூசைக்கு முன்னால் உன் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டப்போகிறாளாம். அந்தப் படம் அந்த வீட்டில் இருக்கலாமா, கழற்றி யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டுமாம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது தெரியாம அவருக்காக அழக்கூட வரமாட்டேங்குது அண்ணா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை. நெஞ்சு வலி என்று டேபிள் மேல் சாய்ந்தவன் அப்படியே போய்விட்டாய், அந்த அதிர்ச்சி என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

ஆற்காட்டுப் பெண்ணைப் பற்றி யோசித்தேன். எவ்வளவு யோசித்தாலும் அன்றைக்குத் தட்டில் வைத்த மக்கன் பேடாதான் ஞாபகம் வருகிறது. பாகு விரலில் ஒட்டிக்கொண்டது. கையை எங்கே துடைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து நின்றுவிட்டுப் போய்விட்டாள். ஏன் அமையவில்லை என்பதும் மறந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் நீ அவளைப் பற்றிப் பேசினாயா, பேடாவைப் பற்றிப் பேசினாயா? இதை வைத்துக்கொண்டு நான் உன் மனைவிக்கு என்ன சாட்சி சொல்வது?

சரி, படத்தையாவது முதலிலிருந்து நினைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எமர்ஜென்சி வந்த வருடம் அது. சாயம் அனுப்பும் வெளிநாட்டுக் கம்பெனி நம் ஆபீசுக்கு ஒரு பெரிய காலண்டர் அனுப்பியிருந்தது, மாசத்துக்கு ஒரு பழைய ஓவியம். ஜூலை மாசத் தாளில் ஒரு புல்வெளி, அதில் மாடுகள்; அதைப் பார்த்துவிட்டு நீ கணக்குப் பார்க்கும் இடத்திலேயே நின்றுவிட்டாய். மாசம் முடிந்ததும் அதைக் கொடுப்பீர்களா என்று மேனேஜர் பாயிடம் கேட்டாய்.

"மாட்டைப் பார்த்தா வுடமாட்டீங்களேப்பா" என்று சிரித்துவிட்டு அவர் கொடுத்தார்.

அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு வேலூருக்கு வந்தாய். அன்றைக்கு நாம் போனது வேறு வேலைக்கு. கல்யாணம் ஆகிக் குழந்தை இல்லை என்று ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தீர்கள், அதன் முடிவை வாங்கும் நாள். நீ உள்ளே போய்விட்டு வந்தாய். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று நீ என்னிடம் சொல்லவில்லை, ஸ்டெல்லாவிடமும் சொல்லவில்லையாம். உன் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் கேட்கவில்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன், மறைக்க என்ன இருக்குது, எழுதுங்க என்றாள்.

அங்கிருந்து நேராக லாங் பஜார். கைவண்டிகளுக்கு நடுவில் இடிபட்டு ஒரு படக்கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் தாளை விரித்து மேலும் கீழும் பார்த்தார்.

"இது இன்னா சாமி?"

"சாமி இல்லீங்க. புல்லு."

"சாமி இல்லாத படத்துக்கு எதுக்குப்பா கண்ணாடி? வெளிச்சம் அடிச்சு ஒண்ணும் தெரியாது. வார்னிஷ் பூசித் தர்றேன், கம்மியா முடியும்."

"இல்ல, கண்ணாடியே போடுங்க" என்றாய். ஆம்பூர் வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாய். உன் முகம் படத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அடியில் இங்கிலீஷில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னவன் நான். கோடைக்காலப் புல்வெளி. வரைந்து முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிறதாம், வரைந்தவர் பெயர் தெரியவில்லையாம். கோடைக்காலம் என்றதும் நீ என்னை முறைத்தாய்.

"கோடைன்னா பாலாத்து மணல் காலைச் சுடணும்டா. இம்மாம் பச்சை ஏது? அச்சடிச்சவன் தப்பா போட்டுட்டான்."

இந்த வழக்கு நமக்குள் கடைசிவரை தீரவில்லை. அந்த ஊரில் கோடைதான் பச்சை என்று மேனேஜர் பாய் சொன்னதை நான் நம்பினேன், நீ நம்பவில்லை. கோடையை ஆசையாக வரைகிறவன் ஒருத்தன் இருப்பானா என்று கேட்டாய். நானும் அதை யோசித்திருக்கிறேன். நமக்கு அது எப்போது தொலையும் என்று காத்திருக்கிற காலம். அவர்களுக்கு அது வருடமெல்லாம் காத்திருந்து வருகிற விருந்தாளி போலிருக்கிறது. ஒரே வெயில்தானே மச்சான், எப்படி இப்படி மாறும்?

அந்தப் படத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நடுவில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் புல்லை அறுத்துவிட்டார்கள், தரை வெளிறிக் கிடக்கிறது, அங்கங்கே குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் அறுக்காத புல், முழங்கால் உயரம், அதற்குள் கடுகு தாளித்தது போலப் பூப்புள்ளிகள். வலதுபக்கம் சிவப்புப் பாவாடைக்காரி நீளக் கோலால் புல்லை வாரிக்கொண்டு நிற்கிறாள். இடதுபக்கம் பெரிய மரம், அடியில் கன்னங்கரேல் என்று நிழல். அந்த நிழலில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். தூரத்தில் ஒரு மாதாகோவில் கோபுரம், அதற்குப் பின்னால் நீலமாக மலை. அவ்வளவு தூரத்தை ஒரு முழத் தாளுக்குள் எப்படித்தான் அடக்கினானோ.

மாடுகள் ஓடைத் தண்ணீரில் நிற்கின்றன. உன் வீட்டுக்கு வந்த டேனரிக்காரர்கள் யாரும் அந்தப் படத்தில் வேறெதையும் பார்த்ததில்லை. கிட்டே போய் மாட்டு முதுகைத்தான் பார்ப்பார்கள். சூடு போட்ட தழும்பு இல்லை, முள்கம்பிக் கீறல் இல்லை, உண்ணி கடித்த புள்ளி இல்லை, தோலில் ஒரு குறை சொல்ல முடியாது. "அத்தினியும் ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்பா" என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொல்வோம். நம் ஊரில் மாட்டைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லவரும். நீ மட்டும் சிரிக்கமாட்டாய். "உசுரோட இருக்குதுடா அது" என்று ஒரு தடவை சொன்னாய். அன்றைக்கு நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

பிறகு அந்த மேகம். வானத்தில் பெரிய மேகம் ஒன்று நிற்கிறது, அதன் நிழல் புல் மேல் விழுந்து பாதி வெளி இருண்டிருக்கிறது. மேகத்தை வரைபவன் உண்டு, மேகத்தின் நிழலை வரைந்தவனை அங்கேதான் பார்த்தேன். ஆனால் நமக்கு அது மழைக்கு அடையாளம். காயப்போட்ட தோல் முற்றத்தில் கிடக்கும்போது இப்படி ஒரு நிழல் விழுந்தால் போதும், முதலாளியிலிருந்து கூட்டுகிற அம்மா வரைக்கும் ஓடுவோம். படத்தில் ஒருத்தரும் ஓடவில்லை. புல் காய்கிறது, மேகம் வருகிறது, அவர்கள் பாட்டுக்கு ரொட்டி தின்கிறார்கள்.

"ஏண்டா யாரும் ஓடல?" என்று நீ என்னைப் பல தடவை கேட்டிருக்கிறாய். யாரும் ஓடாத ஒரு இடம், அதைத்தான் நீ தினமும் பார்த்தாய் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். நல்ல பதிலாகத்தான் தோன்றியது. உண்மையா என்று மட்டும் தெரியவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று முதலிலேயே கட்டிப்போட்டுவிட்டாளே.

அதனால் நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். போகிற வழி நீ பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. ஷூ தைக்கிற ஃபேக்டரி ஒன்று வந்துவிட்டது. டிபன் பாக்ஸோடு பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறார்கள். நம் செலக்‌ஷன் டேபிளுக்கு மேலே டியூப் லைட் போட்டுவிட்டார்கள், வெளிச்சம் மங்கிவிட்டது என்று சொல்லிக் கிளம்பவே முடியாது. உன் இடத்தில் ஒரு புதுப் பையன் நிற்கிறான். என்னை சார் என்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஸ்டெல்லா தையல் டீச்சர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காப்பி போடுகிறேன் என்று சமையல்கட்டுக்குப் போனாள். நான் படத்துக்கு எதிரே நின்றேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சிவப்புப் பாவாடைக்காரியின் கழுத்து கொஞ்சம் தெரிகிறது, வெயிலில் சிவந்திருக்கிறது. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் படத்தை நீ மாட்டியிருந்த இடம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. தோல் பார்க்கிறவனுக்கு முதல் பாடமே வெளிச்சம்தான். பக்கவாட்டில் விழ வேண்டும், எதிரே அடிக்கக் கூடாது. டேபிளில் யாராவது வெளிச்சத்தை மறைத்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாய். அப்படிப்பட்டவன், நல்ல சுவர் ஒன்று காலியாக இருக்க, சமையல்கட்டு வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் கொண்டுபோய் மாட்டினாய். உள்ளே கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டு வெளிச்சம் வந்து படத்தின் மேல் அடிக்கும். மாற்றி மாட்டுடா என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டாயா?

உன் இரும்பு நாற்காலி அதே இடத்தில், படத்தைப் பார்த்து, சமையல்கட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. அதில் நான் உட்கார்ந்ததே இல்லை, எனக்கு எப்போதும் ஜன்னல் ஓர பெஞ்சுதான். நேற்று உட்கார்ந்தேன்.

முதலில் புல்வெளி தெரிந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தேன், தோலைப் பார்க்கும்போது சாய்ப்போமே, அந்தப் பழக்கம். மரத்தடி இருட்டில், ரொட்டி தின்கிறவர்களுக்குப் பக்கத்தில், ஸ்டெல்லா நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலையை நேராக்கினேன், அவள் போய்விட்டாள், புல் மட்டும் இருந்தது. மறுபடி சாய்த்தேன், வந்துவிட்டாள். அந்தக் கறுப்பு நிழல்மேல் கண்ணாடி அவளைத் துல்லியமாகக் காட்டியது. கண்ணாடி ஓட்டு வெளிச்சம் அவள் தலைமேல் விழுகிறது. நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைக்கிறாள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாத முகம்.

மச்சான், இதைத்தானா? இத்தனை வருடமும் இதைத்தான் பார்த்தாயா? இல்லை, படம் மாட்ட ஆணி அடிக்க வசதியாக அந்தச் சுவர்தான் கிடைத்ததா? கண்ணாடியே போடு என்று சொன்னது இதற்காகவா, தெருப்புழுதிக்காகவா? சொல்லித் தொலையேன்.

காப்பியோடு வந்தவளிடம், "நீ இங்க உக்காரும்மா" என்றேன்.

"அவரு நாற்காலில நானா?"

"உக்காரு. தலையை இப்படி லேசா சாய்ச்சுக்கோ."

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அறுபதை நெருங்குகிற மனிதன் அங்கே நின்று சும்மா காப்பி ஆற்றுவதை அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். "நீங்க மரத்தடில நிக்கறீங்க."

"தெரியுதா?"

"அங்கயேதான் நான் நிப்பேன்" என்றாள். குரல் மாறியிருந்தது. நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கூப்புடுற தூரத்துல, பின்னாடியே இருந்தேன். திரும்பிப் பார்த்திருக்கலாம்ல அண்ணா?"

அப்போது அழுகை வந்தது அவளுக்கு. ஒரு வருடத்து அழுகை. உன் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டி அழுதாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் வந்தது, மறைத்துக்கொள்ளவில்லை.

அவள் கேட்டதை உன்னிடமே கேட்கிறேன் ஆரோக்கியம். அந்த வேலூர் நாளுக்குப் பிறகு உன்னால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் போனதா? டாக்டரம்மா சொன்னது உன்னைப் பற்றியா, அவளைப் பற்றியா? எதுவாக இருந்தால்தான் என்ன, அவள் கோபித்துக்கொண்டிருப்பாளா? அவளோடு வாழ்ந்தவன் நீ. உனக்குத் தெரியாததா? பயந்தவன் திரும்பாமலிருப்பான் சரி, ஆனால் தினமும் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் இருக்கவும் உன்னால் முடியாமல் போனதா? எனக்குக் குழப்பம் தீரவில்லை, ஜாஸ்தியாகத்தான் ஆகியிருக்கிறது.

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். படம் அங்கேயே இருக்கட்டும் என்றாள். அப்போ போட்டோவை எங்கே மாட்டுவது என்று கேட்டேன்.

"சமையக்கட்டுல, அடுப்புக்கு மேல."

"பொகை படும்மா."

"படட்டும். இத்தினி வருஷம் எனக்குப் படலயா? இனிமே அவரு அங்க நிக்கட்டும், நான் இங்க உக்காந்து காப்பி குடிக்கறேன். நான் எப்பத் திரும்பிப் பார்ப்பேன்னு அவரு காத்துக்கினு இருக்கட்டும்."

சனிக்கிழமை வந்து ஆணி அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நாற்காலியில் உட்கார, நீ மரத்தடியில் சரியாக வந்து நிற்கும்வரை ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் அடிப்பேன். அது என் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை நீ வெறும் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றால், கனவில் வந்துகூட அதை என்னிடம் சொல்லிவிடாதே. அப்படியே சொன்னாலும் அவள் காதுக்கு அது போகாது. என் உயிர் உள்ளவரை போகாது.

ஸ்டெல்லாவுக்கு அண்ணனும்
அதனாலேயே உனக்கு மச்சானுமான
தேவராஜ்